ஏழு இடங்களில் கடந்தார்கள்

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்த அலுவலகம் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. பதினோரு மணிக்கெல்லாம் கீழே மீன் பொரிக்கும் புகை படிக்கட்டு வழியாக ஏறி வந்துவிடும். தாள்களில் எண்ணெய் வாடை பிடிக்கும் என்று தலைமை எஞ்சினியர் சன்னல்களைச் சாத்தச் சொல்வார். சாத்தினால் வேர்க்கும். வேர்வைத் துளி விழுந்தால் மை கலங்கிவிடும். அதனால் முன்கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் வேலை செய்வோம்.

சாலைகளை வடிவமைத்துக் கொடுக்கும் தனியார் அலுவலகம் அது. எஞ்சினியர்கள் பென்சிலில் போட்டுக் கொடுப்பதை மெல்லிய தாளில் மையால் சுத்தமாக வரைந்து எடுப்பது என் வேலை. டிரேசர் என்பார்கள். பள்ளியின் இறுதி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்து, ஒரு வருடம் வரைபடம் பழகி, இருபது வயதில் சேர்ந்தேன். இங்கே சொல்லப்போவது நடந்தபோது எனக்கு இருபத்தெட்டு. எண்பதுகளின் நடுப்பகுதி. ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா இறந்து, குவாட்டர்ஸைக் காலி செய்து, இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில் அம்மா, நான், தம்பி மூவரும் இருந்தோம். தம்பி கிள்ளான் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லோரி ஓட்டினான். என்னைவிட நான்கு வயது இளையவன்.

அதற்குச் சில வருடம் முன்பு, கிள்ளானிலிருந்து மேரு பக்கம் போகும் ஒரு சாலையை அகலமாக்கும் வேலை எங்களுக்கு வந்திருந்தது. அங்கே புதிதாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. லோரிகள் தடையில்லாமல் போய்வர வேண்டும். போவதற்கு இரண்டு தடம், வருவதற்கு இரண்டு தடம், நடுவே மண் நிரப்பிய திட்டு. என் மேசைக்கு வந்த நில அளவைத் தாளில் சாலைக்கு ஒரு பக்கம் தமிழ்ப்பள்ளி ஒரு சின்னச் செவ்வகமாக இருந்தது. எதிர்ப்பக்கம் வெறும் வெள்ளை. அங்கே எழுபது பலகை வீடுகளுக்கு மேல் இருந்தன என்பது எனக்கு அப்போது தெரியாது. புறம்போக்கு நிலத்து வீடுகள். நிலப்பத்திரம் இல்லாத வீட்டை அளவைத் தாளில் போடமாட்டார்கள்.

வேலை முடியும் நேரத்தில், சாலை பார்க்க அழகாக இருக்க வேண்டும், மக்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நடுத்திட்டு முழுக்கக் காகிதப்பூச் செடி வைப்பது என்று முடிவானது. பல அளவு வட்டங்கள் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் அச்சு என்னிடம் இருந்தது. அதை வைத்து வட்டம் வட்டமாக, திட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இரண்டு நாள் உட்கார்ந்து செடி வரைந்தேன். சலிப்பான வேலைதான். ஆனாலும் முடித்துப் பார்த்தபோது தாள் அழகாகத்தான் இருந்தது. ஓரத்தில் ஒரு அட்டவணை போட்டு, செடியின் பெயர், இடைவெளி, வளர்ந்தபின் உயரம் எல்லாம் எழுதினேன்.

சாலை திறந்து இரண்டு வருடம் இருக்கும். ஒரு புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்துக்குப் போன் வந்தது. தம்பி வேலை செய்த கம்பெனியிலிருந்து. அவன் லோரியில் ஒரு பிள்ளை அடிபட்டுவிட்டது, கிள்ளான் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறான் என்றார்கள். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உடனே வரச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர நாலரை ஆகிவிட்டது. சட்டை தோள்பட்டையில் கிழிந்து, உதடு வீங்கி, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆட்கள் லோரியிலிருந்து இழுத்துப்போட்டு அடித்திருக்கிறார்கள். போலீஸ் வந்துதான் மீட்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும் அழவில்லை. யாரோ மனப்பாடம் செய்யச் சொன்னதுபோல ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்தான்.

"செடிக்குப் பின்னாலேருந்து வந்துச்சுக்கா. செடி மட்டும்தான் தெரிஞ்சது. திடீர்னு ஒரு ஸ்கூல் பேக். பிரேக்க மிதிச்சேன். பின்னால கன்டெய்னர் முழுக்க லோடு, நிக்கலக்கா. அது என்னப் பாத்துச்சு. நேரா என் மூஞ்சியப் பாத்துச்சு."

"எந்த எடத்துல?"

"மேரு ரோட்டுல. தமிழ் ஸ்கூல் இருக்குல்ல, அங்க. நடுவுல காகிதப்பூ வச்சிருப்பாங்கள்ல."

எத்தனை அடிக்கு ஒரு செடி என்று எனக்குத் தெரியும். வளர்ந்தபின் உயரம் என்ற கட்டத்தில் நாலடி என்று என் கையெழுத்தில்தான் இருந்தது.

இரண்டாம் ஆண்டு படித்த பெண் குழந்தை. எட்டு வயது. பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகச் சாலையைக் கடந்திருக்கிறாள்.

ஈமச்சடங்குக்குப் போய்க் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அம்மா அழுதார். போனால் கலாட்டா ஆகும், யாரும் அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம் என்று போலீஸ்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போகவில்லை. ஜாமீனில் வந்த தம்பி அறையைவிட்டு வெளியே வரவே இல்லை. கம்பெனியும் அவனைக் கூப்பிடவில்லை. அம்மா தட்டில் சோறு போட்டுக் கதவருகே வைப்பார். சில நாள் தட்டு அப்படியே இருக்கும்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சொல்லாமல், அலுவலகத்து அளவு நாடாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எதற்கு என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கிள்ளானில் பஸ் மாறி அந்தப் பள்ளிக்கு முன்னால் இறங்கினேன். வரைந்த சாலையை அதற்கு முன் நான் நேரில் பார்த்ததே இல்லை. செடிகள் நன்றாகப் பூத்திருந்தன. சிவப்பும் ஊதாவுமாக. லோரிகள் போன காற்றில் பூக்கள் தார்மீது உருண்டன. இரண்டு செடிகளுக்கு நடுவே புல் தேய்ந்து மண் தெரிந்த ஒரு தடம் இருந்தது. அங்கே ஏறி நின்று ஒரு செடியை அளந்தேன். நாலடி மூன்று அங்குலம். பிறகு நானே முட்டி மடக்கி ஒரு பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். சாலை தெரியவில்லை. இலைதான் தெரிந்தது.

"ரோட்டு ஆபிசா?"

குரல் பலகை வீடுகள் பக்கமிருந்து வந்தது. கைலி கட்டிய ஒரு பெண், என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும், ஓரத்தில் நின்றிருந்தார். நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "ஆமாக்கா" என்றேன்.

"இப்பதான் வர்றீங்களா மிஸ்? செத்தது எம் மகதான்."

அந்த இடத்தில் நான் யார் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. அவர் சாலையைக் கடந்து வரவில்லை. நான்தான் கடந்து போனேன். வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, சர்க்கரை போட்ட கறுப்புக் காப்பி கொடுத்தார். சுவரில் பிள்ளையின் படம் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமலே காப்பியைக் குடித்தேன். அவர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். மூன்று மணிக்குத்தான் ஷிப்ட் முடியும். கணவருக்கு டெங்கில் என்ற ஊர்ப்பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரிக்குப் பழக்குலை ஏற்றும் வேலை. வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். அதனால் பிள்ளை தானாகத்தான் வந்துபோகும்.

"நான்தான் சொல்லிக்குடுத்தேன் மிஸ். செடிகிட்ட போயி நில்லு, அங்க நின்னா வண்டி மோதாது, ரெண்டு பக்கமும் பாத்துட்டு ஓடியாந்துருன்னு. நான் சொன்ன மாதிரிதான் செஞ்சிருக்கா." சொல்லிவிட்டு, வேறு யாரோ பேசியதைக் கேட்டவர்போலச் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பிறகு நான் கேட்டேன். "இங்க இருக்கவங்க எல்லாம் எங்க எங்க கடப்பீங்கக்கா?"

"எங்க போகணுமோ அங்க கடப்போம். வேற எங்க கடக்கறது?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் வரைபடம் ஆரம்பித்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளி நாளிலும் போனேன். அந்த அக்காதான் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு வீடாக நின்று, யார் யார் எங்கே போகிறார்கள் என்று கேட்டோம். மளிகைக் கடை அந்தப் பக்கம். கிள்ளானுக்குப் போகிற பஸ் இந்தப் பக்கம் நிற்கும், திரும்பி வருகிற பஸ் அந்தப் பக்கம் நிற்கும். கோயில் அந்தப் பக்கம். பெண்களை ஏற்றும் பேக்டரி பஸ் காலையில் ஒரு பக்கம், சாயங்காலம் இன்னொரு பக்கம். பையன்கள் பந்தாடப் போகும் திடல்கூட அந்தப் பக்கம்தான். சாலை அகலமாவதற்கு முன்பு இதெல்லாம் ஒரே ஊராக இருந்திருக்கிறது. கோழிகள்கூடச் சாலையைக் கடந்து வருமாம்.

வெள்ளையாக இருந்த அந்தப் பக்கத்தில் நான் வீடுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். காலடி போட்டு அளந்து, மனிதர்கள் நடக்கும் தடங்களைச் சிவப்பு மையில் வரைந்தேன். அதிகம் பேர் போகும் தடத்துக்குத் தடித்த கோடு. காலையிலும் மதியத்திலும் பள்ளி வாசல் மரத்தடியில் உட்கார்ந்து தலைகளை எண்ணினேன். எல்லாக் கோடுகளும் சாலையை ஏழு இடங்களில்தான் கடந்தன. எழுபது வீட்டு மனிதர்கள் பேசிவைத்துக்கொள்ளாமலே ஏழு இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

சட்டப்படி கடக்க வேண்டுமென்றால் விளக்குப் போட்ட சந்திப்புவரை போய், கடந்து, அதே தூரம் திரும்பி வர வேண்டும். தையல் நூலை வரைபடத்தின் மேல் வைத்து அளந்தேன். அக்காவின் வீட்டிலிருந்து பள்ளிக்கு நேராக வைத்தால் நூல் ஒரு விரல்நகம் அளவு. சட்டப்படி வைத்தால் ஒரு முழத்துக்கு மேல். வீட்டுத் தரையில் தாளை விரித்து அக்காவுக்கு அதைக் காட்டினேன். அவர் அந்த நூலை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார்.

"எட்டு வயசுப் புள்ள இவ்ளோ நடக்குமா, தங்கச்சி?" என்றார். அதற்குள் மிஸ் என்று கூப்பிடுவதை விட்டிருந்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறும்போது, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவர் சோறு போடுவார். சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் வருவேன். ஒருமுறை அவரே கேட்டார், அந்த டிரைவரை ரோட்டு ஆபிசில் யாருக்காவது தெரியுமா என்று. "சின்னப் பையனாம்லா. அன்னிக்கு அடிச்சப்ப கைய கூட தூக்கலயாம்." நான் தெரியாது என்றேன். அதுவரை சொல்லாமல்தான் இருந்தேன். அன்றைக்குத்தான் பொய் சொன்னேன்.

வரைபடத்தை முடித்துத் தலைமை எஞ்சினியரிடம் கொண்டுபோனேன். அவர் சீனர். கெட்டவர் இல்லை. அப்பா செத்தபோது பதினைந்து நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தவர். தம்பி விஷயமும் அவருக்குத் தெரியும். தாளை மேசையில் விரித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். யாரும் கேட்காமலா இதைச் செய்தாய் என்றார். நன்றாக இருக்கிறது என்று மலாயில், பாகூஸ், பாகூஸ் என்று இரண்டுமுறை சொன்னார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். செடிகளை எடுக்க வேண்டும். தடித்த கோடுகள் கடக்கும் இரண்டு இடத்திலாவது திட்டைத் திறந்து, நடப்பவர்கள் கடக்க வெள்ளைக் கோடு போட்டு, விளக்கு வைக்க வேண்டும். பள்ளி நேரத்தில் லோரிகள் மெதுவாகப் போக வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தின் கடிதத்தோடு அது மேலே போனது.

அடுத்த ஞாயிறு போய், "அனுப்பிட்டாங்கக்கா" என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, லைட் வருமா, எப்ப வரும் என்று கேட்டார்கள். வரும் என்றேன்.

மூன்று மாதம் கழித்து பதில் என் மேசைக்கே வந்தது. பென்சிலில் போட்ட ஒரு வரைபடம். நடுத்திட்டின் நெடுக இரும்பு வேலி. ஏழு இடத்தில் அது இன்னும் உயரமாக, கம்பிகள் நெருக்கமாக, அடியில் சிமெண்டு வைத்து. என் சிவப்புக் கோடுகள் எங்கே கடந்தனவோ சரியாக அங்கே. ஓரடி பிசகவில்லை. என் தாளைப் பார்த்துத்தான் போட்டிருந்தார்கள்.

எஞ்சினியர் அறைக்குப் போனேன். அவை திறக்க வேண்டிய இடங்கள், அடைக்க வேண்டிய இடங்கள் இல்லை என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. வெளியே மற்றவர்கள் பேனாவை நிறுத்திவிட்டார்கள். அவர் என்னை உட்காரச் சொன்னார். விபத்தைத் தடுக்க வேண்டும் என்றுதான் கடிதம் போனது, கடக்க முடியாவிட்டால் விபத்து இல்லை, மேலே அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். நகராண்மைக் கழகத்துக்கு வேலி ஒரு மாதத்து வேலை, விளக்கு வைக்க வருடக்கணக்காகும். செடிகளை வெட்டி உயரத்தைக் குறைக்கச் சம்மதித்திருக்கிறார்கள், அதுவே பெரிய விஷயம் என்றார். பிறகு, உனக்கு இதை வரையக் கஷ்டமாக இருந்தால் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னார்.

கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தம்பிக்கு வேலை இல்லை, வழக்கு நடந்துகொண்டிருந்தது, என் சம்பளம் ஒன்றுதான் வீட்டுக்கு. அது ஒரு காரணம். இன்னொன்று, மறுத்தாலும் பக்கத்து மேசையில் வரையத்தான் போகிறார்கள். இரண்டும் உண்மைதான். தாளை எடுத்துக்கொண்டு வந்து கைக்குட்டையை முன்கையில் சுற்றிக்கொண்டு வரைந்தேன். ஒரே நாளில் முடிந்துவிட்டது.

வேலி போட்டபின் அக்காவைப் பார்க்கப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். மூன்று ஞாயிறு அப்படித்தான் இருந்தேன். நான்காவது ஞாயிறு கால் நிற்கவில்லை. பஸ் பள்ளிப் பக்கம் இறக்கிவிட்டது. எதிரே அவர் வீட்டுத் தகரக் கூரை தெரிந்தது. நடுவே வேலி. சந்திப்புவரை வெயிலில் நடந்து, கடந்து, திரும்பி நடந்தேன். நாற்பது நிமிடம் ஆனது. ஓரத்தில் நடைபாதை இல்லாததால் லோரி வரும்போதெல்லாம் சாக்கடைப் பக்கம் ஒதுங்க வேண்டியிருந்தது.

என்னைப் பார்த்ததும் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு பெரியவர் கையை நீட்டிச் சொன்னார், "இந்தப் பொண்ணுதான்லா. வீடு வீடா வந்து எங்க கடக்கறோம் எங்க கடக்கறோம்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போயி, எல்லாத்தையும் காட்டிக்குடுத்திருச்சு."

"கேட்டப்ப நாமதான ஒண்ணு விடாம சொன்னோம்," என்றாள் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி.

அக்கா வீட்டுக்குள்ளிருந்து வந்தார். தொழிற்சாலைச் சட்டையில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போல. "சும்மா இருங்க அண்ணே," என்றார். "அது தப்பு பண்ணல. வெயில்ல எங்கூட நடந்துச்சு. நல்லதுக்குத்தான் செஞ்சது. மேல இருக்கவன் பண்ணதுக்கு இது என்ன செய்யும்?"

அவர் எனக்காகப் பேசியதை என்னால் தாங்க முடியவில்லை. கூட்டம் கலையும்வரை நின்றிருந்தேன். வாசலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆனதும் சொன்னேன்.

"இந்த வேலிய வரைஞ்சது நான்தான்கா. அந்தச் செடிங்கள வரைஞ்சதும் நான்தான்."

அவர் என்னையே பார்த்தார்.

"லோரி ஓட்டுனது என் தம்பி."

கோபப்படுவார், கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு கேட்டார்.

"மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சுக்கா."

"சொல்லியிருந்தா வெளிய போடின்னு வெரட்டியிருப்பேன். ஒரு மாசம் கழிச்சு நானே கூப்பிட்டும் இருப்பேன். இப்ப எப்படிக் கூப்பிடறது? எம் வீட்டுல ஒக்காந்து சோறு தின்னியே."

உள்ளே போனார். கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். அந்தச் சத்தம் கேட்டபின் நான் இந்தப் பக்கத்து நிறுத்தத்தில், வேலியைப் பார்த்தபடி நின்று கிள்ளான் பஸ் ஏறினேன்.

வழக்கு அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தது. செடி மறைத்ததைச் சொல்லி வாதாடலாம் என்று வக்கீல் சொன்னார். நானும் சாட்சி சொல்லத் தயாராக இருந்தேன். தம்பி கேட்கவில்லை. கவனக்குறைவாக ஓட்டியதாகப் படித்த குற்றச்சாட்டை அப்படியே ஒப்புக்கொண்டான். அபராதம் போட்டு, லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே நடைகூடத்தில் அக்கா நின்றிருந்தார். கணவரும் கூட இருந்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. நேராகத் தம்பி முன்னால் வந்து நின்றார். தம்பி தலையைத் தூக்கவில்லை.

"தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லு. எம் மக ஒன்ன பாத்தாளா?"

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அவன் என்னிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு வாரமும் தூக்கத்தில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"இல்லக்கா. பாக்கல. திரும்பி ஸ்கூல் பக்கம் யாருக்கோ கையாட்டிக்கிட்டே வந்துச்சு. லோரி வந்ததே அதுக்குத் தெரியாது."

"பயந்திருக்காதுல்ல?"

"இல்லக்கா. சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அக்கா அவன் கையை ஒருமுறை தொட்டார். தொட்டது அவருக்கே தெரியாததுபோல இருந்தது. பிறகு கணவரோடு படியிறங்கிப் போய்விட்டார். வாழ்க்கையில் அவன் செய்தவற்றில் அந்தப் பொய்யைவிட நல்லது எதையும் எனக்குத் தெரியாது.

வேலி நின்றது. ஆறு மாதத்துக்குள் பையன்கள் இரண்டு இடத்தில் கம்பியை வளைத்துவிட்டார்கள். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், பையைக் கழற்றி முதலில் அந்தப் பக்கம் போட வேண்டும். நடுத்திட்டில் காத்து நிற்க முன்பிருந்த இடமும் வேலியால் போய்விட்டது. வேலையிலிருந்து திரும்பிய ஒருவர் அங்கே மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இடுப்பு உடைந்தது. வளைந்த கம்பிகளை மாற்றி இன்னும் தடித்த கம்பி போட்டார்கள். அந்த வேலைக்கும் வரைபடம் எங்கள் அலுவலகத்திலிருந்துதான் போனது. அதை நான் வரையவில்லை. இந்த முறை வேண்டாம் என்று சொன்னேன். பக்கத்து மேசைக்குப் போனது. பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பக்கத்து வீடுகளில் பலர் பிள்ளைகளை, சாலையைக் கடக்கத் தேவையில்லாத ஒரு மலாய்ப் பள்ளியில் சேர்த்துவிட்டார்களாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புறம்போக்கு வீடுகளை எல்லாம் உடைத்து ஆட்களை அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பினார்கள். அதற்கு அடுத்த வருடம் அங்கே கூரை போட்ட ஒரு நடைமேம்பாலம் கட்டினார்கள். கடந்து வர அந்தப் பக்கம் யாரும் இல்லை.

நான் அந்த அலுவலகத்திலேயே இருந்தேன். மையும் பேனாவும் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. நகரத்துச் சாலைகள் முழுவதையும் திரையில் வலைபோலப் போட்டு, எங்கே நெரிசல், எங்கே சீராக ஓடுகிறது என்று வண்ணத்தில் காட்டினார்கள். புதிதாக வந்த எஞ்சினியர்களிடம் நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன், இங்கே நடக்கிறவர்கள் யார், எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று. சிலர் சிரித்தார்கள். என்னைக் கண்டதும், "அக்கா, நடக்கறவங்கள இன்னும் போடல" என்று முந்திக்கொண்டு சொல்லும் ஒருவனும் இருந்தான். கிள்ளானில் ஒரு பாசாருக்கு, காய்கறிச் சந்தைக்கு, முன்னால், ஒரே ஒரு இடத்தில், நான் கேட்டபடி திட்டைத் திறந்து கோடு போட்டு விளக்கு வைத்தார்கள். அதன்பின் பார்த்த பதினாறு வருட வேலையில் அந்த ஒன்று. அந்த முறை, எங்கே கடக்கிறார்கள் என்பதை யாருக்கும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. எஞ்சினியரையே கையோடு கூட்டிக்கொண்டு போய், பாசார் நேரத்தில் அந்த ஓரத்தில் ஒரு மணி நேரம் நிற்கவைத்தேன்.

அக்காவை ஒருமுறைதான் மறுபடி பார்த்தேன். கிள்ளான் பஸ் நிலையத்தில், இரண்டு பைகளோடு ஒரு தூணோரம் நின்றிருந்தார். முடி நரைத்திருந்தது. நானாகப் போய்ப் பேசத் தைரியம் வரவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். பஸ் வந்ததும் பைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பியின் லைசென்ஸை நிறுத்திவைத்த காலம் முடிந்தது. அவன் அதை வாங்கவே போகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை கிடைத்தது. அதைவிட நல்ல சம்பளத்தில் சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேலை இருந்தும் இதைத்தான் எடுத்தான். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, இது வீடு இருக்கும் பக்கம் என்றான். முதலில் எங்களுக்குப் புரியவில்லை. சாலைக்கு எதிரே இருந்த கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கச் சொன்னால், இரண்டு தெரு நடந்து, இந்தப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு கடைக்குப் போய் வாங்கி வருவான்.